பெற்றவர் தெரியாத பூட்டு

பத்திரிகையாளர், வக்கீல், வங்கி முதலாளி, உளவுத்துறையை விட்டு ஓடிவந்தவர் என்று ரகசியம் வைத்திருந்த பலதரப்பட்டவர்களும் பத்து வருடம் ஒரே பூட்டை நம்பினார்கள். அதன் பெயர் ட்ரூகிரிப்ட். காசு கிடையாது. மூல நிரல் இணையத்தில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எழுதியவர் யார் என்பது மட்டும் தெரியாது. 2004-இல் வந்தது, 2014-இல் போனது. இதை நான்தான் செய்தேன் என்று இன்றுவரை ஒருவரும் பகிரங்கமாக முன்வரவில்லை.

அந்தரங்கம் முக்கியம் என்றால் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்து, மூடிய மென்பொருளை நம்பாதே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்கிற கூட்டத்தில் நானும் உண்டு. ஆனால் ட்ரூகிரிப்ட் பிறந்து வளர்ந்து செத்த கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அதை அவ்வளவு வேகமாகச் சொல்ல வாய் வருவதில்லை.

அது செய்த வேலையை முதலில் பார்த்துவிடலாம். ஒரு ஜிபி அளவில் ஒரு கோப்பை உருவாக்கு என்று அதனிடம் சொல்கிறோம். மவுஸைத் திரையில் இஷ்டத்துக்கு ஆட்டு என்று அது கேட்கும். நம் கையின் தாறுமாறான அசைவையும் சேர்த்துக்கொண்டுதான் சாவி தயாராகும். பிறகு பாஸ்வேர்டு. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தால் அந்தக் கோப்பு இசட் என்றோ எக்ஸ் என்றோ தனி டிரைவாக வந்து நிற்கும். கணக்கு, கடிதம், புகைப்படம் எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். மூடினால் பழையபடி அர்த்தமில்லாத பைட்டுகளின் குவியல். பெட்டகத்துக்குள்ளேயே இன்னொரு ரகசிய அறையும் கட்டலாம். மிரட்டிக் கேட்டால் வெளி அறையின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம்; உள்ளே இன்னொன்று இருக்கிறது என்பதை எவராலும் நிரூபிக்க முடியாது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, அதிகாரம் பெற்றவர்கள் கேட்கும்போது தகவலைத் திறந்து காட்ட ஒத்துழைக்காதவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. ரகசிய அறை எதற்காகக் கட்டப்பட்டது என்பது இந்த மாதிரிச் சட்டங்கள் உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு விளக்காமலே புரியும்.

ட்ரூகிரிப்டுக்கு ஒரு முன்னோர் உண்டு. 1998-இல் பால் லெ ரூ என்பவர் வெளியிட்ட, ‘வெகுஜனத்துக்கான குறியாக்கம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட ஈ4எம் என்ற மென்பொருள். ரொடீஷியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர் லெ ரூ. மூல நிரலை இலவசமாகவே கொடுத்தார். பின்னாளில் செக்யூர்ஸ்டார் என்ற ஜெர்மானிய நிறுவனத்துக்காக வேலை செய்தார். அவர்கள் விற்ற டிரைவ்கிரிப்ட் மூடிய மென்பொருள். 2004 பிப்ரவரி 2 அன்று, ஈ4எம் நிரலை அடித்தளமாக வைத்துக்கொண்டு ‘ட்ரூகிரிப்ட் குழு’ என்ற பெயரில் முகம் தெரியாத சிலர் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அது எங்கள் சொத்தைத் திருடிச் செய்தது என்று செக்யூர்ஸ்டார் சண்டைக்கு வந்தது. சில மாதங்கள் ட்ரூகிரிப்ட் ஒதுங்கியிருந்தது, பிறகு திரும்பி வந்தது.

லெ ரூவின் பிற்காலம் சினிமா எடுக்கும் கதை. இணைய மருந்து வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்து, அங்கிருந்து போதைப்பொருள், ஆயுதம், கொலை என்று போய், 2012 செப்டம்பரில் லைபீரியாவில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் பொறியில் சிக்கினார். 2020-இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ட்ரூகிரிப்டை எழுதியதும் அவர்தானா? ஆதாரம் இல்லை. ஆனால் உலகத்தின் மிகப் பிரபலமான அந்தரங்கப் பூட்டின் அடிப்படை நிரல் இப்படிப்பட்ட ஒருவரின் கையிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆளைப் பார்த்து நிரலை நம்புவதாக இருந்தால் அன்றே தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

யாரும் எறியவில்லை, ஏனென்றால் பூட்டு நின்றது. பிரேசிலில் 2008-இல் டேனியல் டன்டாஸ் என்ற வங்கி முதலாளியின் வீட்டிலிருந்து போலீஸ் ஹார்ட் டிஸ்க்குகளை அள்ளிக்கொண்டு போனது. அந்நாட்டுத் தடயவியல் நிபுணர்கள் ஐந்து மாதம் முயன்று கைவிட்டார்கள். பிறகு அமெரிக்க எஃப்.பி.ஐ. வாங்கிப் பார்த்தது, ஒரு வருடம் கழித்து அதுவும் திறக்க முடியாமல் திருப்பி அனுப்பியது. 2012 டிசம்பரில் ஹவாயில், பின்னாளில் அமெரிக்க உளவு ஆவணங்களை அம்பலப்படுத்திய, அப்போது யாருக்கும் தெரியாதவராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் ஊர்க்காரர்களைக் கூட்டி ட்ரூகிரிப்ட் பயன்படுத்துவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். அடுத்த ஆகஸ்டில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் தடுத்து வைக்கப்பட்ட, ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்ட பத்திரிகையாளரின் துணைவர் டேவிட் மிராண்டாவிடமிருந்து கைப்பற்றிய டிஸ்க்கும் ட்ரூகிரிப்ட் போட்டதுதான்; திறப்பது மிகக் கடினமாக இருக்கிறது என்று பிரிட்டிஷ் போலீஸே நீதிமன்றத்தில் சொன்னது.

ஆனால் இவையெல்லாம் சுற்றி வளைத்த சாட்சியங்கள். எஃப்.பி.ஐ.யால் திறக்க முடியவில்லை என்றால் எவராலும் முடியாது என்று ஆகிவிடாது. மூல நிரல்தான் வெளியே கிடக்கிறதே, யாராவது உட்கார்ந்து படித்தார்களா என்று கேட்டால், ஒன்பது வருடமாக ஒழுங்காக, முழுமையாகப் படித்ததாக எவரும் சொல்லவில்லை. ஆயிரம் கண் பார்க்கிறது என்று ஆயிரம் பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரூகிரிப்டின் உரிமமும் ஒரு தினுசானது. படிக்கலாம், ஆனால் சட்டப்படி அது திறந்த மூல உரிமம்தானா என்பதில் தகராறு. டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்புகள் அதைச் சேர்க்க மறுத்துவிட்டன. கண்ணுக்குத் தெரிகிற மூலம் வேறு, திறந்த மூலம் வேறு என்பதற்கு ட்ரூகிரிப்டே பாடம்.

சந்தேகம் எங்கே முளைத்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டகக் கோப்பின் தலைப்பகுதி 65,536 பைட். அதில் உண்மையில் தேவைப்படுவது முதல் 512 பைட்தான். முதன்மைச் சாவி உள்ளிட்ட விவரங்கள் உங்கள் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டு அங்கே இருக்கும். மிச்சம் 65,024 பைட் காலி. லினக்ஸ் பதிப்பு அந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிப் பூட்டியது. பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால் பூஜ்யமாகவே தெரியும், வேறொன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸ் பதிப்போ அதே இடத்தில் கண்டபடி எண்களைப் போட்டது. திறந்து பார்த்தாலும் குப்பைதான். அது வெறும் குப்பையா, அல்லது செய்தவர் மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்ட உங்கள் சாவியின் நகலா? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உபுண்டு பிரைவசி ரீமிக்ஸ் என்ற ஜெர்மானியக் குழு 2011-இல் 7.0ஏ பதிப்பைப் பிரித்து ஆராய்ந்தபோது எழுப்பிய கேள்வி இது.

மூல நிரலைப் பார்த்தால் அங்கே ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் விண்டோஸ்காரர்களில் மூல நிரலை வாங்கித் தாங்களே கம்பைல் செய்து பயன்படுத்துகிறவர் எத்தனை பேர்? தளத்தில் தயாராக இருந்த .exe கோப்பைத்தான் எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். அந்தக் கோப்பு இந்த நிரலிலிருந்துதான் வந்ததா? மசாலா பாக்கெட்டின் மேல் அச்சடித்த சேர்மானம் உண்மையா என்று தெரிய வேண்டுமானால், அதே சாமானை அதே அளவில் வாங்கி அதே மில்லில் அரைத்துப் பார்க்க வேண்டும். நிரலுக்கும் அதுதான் வழி.

2013 அக்டோபரில் மான்ட்ரியல் கான்கார்டியா பல்கலைக்கழக மாணவர் சேவியர் டி கார்னே டி கார்னவலே அதைச் செய்தார். கேட்கும்போது ஒரு மாலை நேர வேலை மாதிரித் தோன்றும். ஆனால் ட்ரூகிரிப்ட் குழு எந்த கம்பைலரின் எந்தப் பதிப்பில், எந்தெந்த அப்டேட்டுகள் போட்ட நிலையில் கட்டினார்களோ அதே நிலைக்குத் தன் கணினியைக் கொண்டுவர வேண்டும். ஒரு அப்டேட் கூடினாலும் குறைந்தாலும் வெளிவரும் பைட்டுகள் மாறிவிடும். கணினி கிளம்பும்போது ஓடும் சின்னஞ்சிறு பகுதிக்கு மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 1.52 வேண்டும். அது 1990-களின் முற்பகுதியைச் சேர்ந்த 16 பிட் கம்பைலர். காயலான் கடையில்கூடக் கிடைக்காத சரக்கு. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து 7.1ஏ பதிப்பைக் கட்டி, தளத்தில் இருந்த கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிட்டார். கட்டப்பட்ட நேரம், மின்கையொப்பம் போன்ற காரணம் சொல்லக்கூடிய இடங்களில் மட்டும் வித்தியாசம். மற்றதெல்லாம் ஒன்றே. பாக்கெட்டில் இருப்பது அச்சடித்த சேர்மானம்தான்.

என்னைக் கேட்டால் ட்ரூகிரிப்ட் வரலாற்றிலேயே பெரிய சம்பவம் இதுதான். செய்தவர் யாரென்று தெரியாது, அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அவர் பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு மாணவரால் சந்தேகத்தைத் தீர்க்க முடிந்தது. திறந்த மூலம் என்பது நேர்மைக்குச் சான்றிதழ் ஆகாது. சந்தேகப்பட்டவன் தானே இறங்கிப் பார்த்துக்கொள்ளும் உரிமை அது. அந்த உரிமையை எவரும் முழுமையாகப் பயன்படுத்தாத ஒன்பது வருடமும், மூடிய பெட்டியை நம்பியதற்கும் இதை நம்பியதற்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அதே மாதத்தில் இன்னொரு வேலையும் தொடங்கியது. ஸ்னோடன் ஆவணங்கள் வெளியாகி, குறியாக்க மென்பொருள்களில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ கை வைத்திருக்கிறது என்ற செய்தி வந்த நேரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கிரீனும் கென்னத் வைட்டும் பொதுமக்களிடம் வசூல் செய்து ட்ரூகிரிப்டைத் தணிக்கை செய்வோம் என்றார்கள். 60,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. ஐசெக் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் முதல் கட்டமாக விண்டோஸ் டிரைவரையும் துவக்கப் பகுதியையும் படித்து, 2014 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. 11 குறைகள், எதுவும் பெரிதில்லை. நிரலின் தரம் சுமார், விளக்கக் குறிப்புகள் போதாது என்று வாத்தியார் பாணியில் குட்டினார்கள். பின்கதவு மட்டும் தென்படவில்லை.

ஆறு வாரம் கழித்து, 2014 மே 28 அன்று, ட்ரூகிரிப்ட் தளத்துக்குப் போனவர்களைச் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை எதிர்கொண்டது. ட்ரூகிரிப்டைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல, சரிசெய்யப்படாத கோளாறுகள் இருக்கலாம் என்றது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திவிட்டதால் வேலையை முடித்துக்கொள்கிறோம், விண்டோஸிலேயே இருக்கும் பிட்லாக்கருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று படம் போட்டு வழியும் காட்டியிருந்தார்கள். லினக்ஸ்காரர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை; உங்கள் தொகுப்பில் ‘கிரிப்ட்’ என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள் என்ற ரீதியில் ஒரு வரி. கூடவே 7.2 என்று புதுப் பதிப்பு. அதில் பழைய பெட்டகத்தைத் திறக்கலாம், புதிதாக உருவாக்க முடியாது. கையொப்பம் பழைய கையொப்பமேதான். யாரோ தளத்தைக் கைப்பற்றிவிட்டார்கள் என்ற பேச்சு அதனால் எடுபடவில்லை.

பத்து வருடம் மூடிய மென்பொருளுக்கு மாற்றாக நின்ற ஒன்று, போகிற போக்கில் மூடிய மென்பொருளின் கையில் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் போனது. அரசு நெருக்கியிருக்கும், வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் இப்படி ஜாடை காட்டுகிறார்கள் என்றார்கள் பலர். எச்சரிக்கை வாக்கியத்தின் ஆங்கிலச் சொற்களுக்கு முதலெழுத்தைக் கூட்டி ‘என்எஸ்ஏ’ என்று படித்தவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சம்பளமில்லாமல், பெயரும் இல்லாமல் பத்து வருடம் உழைத்தவர்களுக்கு அலுத்துப் போயிருக்கும் என்பதே போதுமான காரணம்.

தணிக்கை நிற்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் என்சிசி குழுமத்தின் குறியாக்கப் பிரிவு, 2015 ஏப்ரலில் அறிக்கை தந்தது. நான்கு குறைகள். அவற்றில் ஒன்று முக்கியம்: விண்டோஸிடம் தற்செயல் எண் கேட்டு அது அரிதாகக் கைவிரித்துவிட்டால், ட்ரூகிரிப்ட் எச்சரிக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. சரி செய்ய வேண்டியதுதான், பூட்டை உடைத்துவிடும் ரகம் அல்ல. இரண்டு கட்டத்திலும் வேண்டுமென்றே வைத்த ஓட்டை எதுவும் அகப்படவில்லை. ஜெர்மனியின் ‘டேர் ஷ்பீகல்’ 2014 டிசம்பரில் வெளியிட்ட ஸ்னோடன் ஆவணங்களில், ட்ரூகிரிப்ட் தங்களுக்குப் பெரிய தலைவலி என்று என்எஸ்ஏ தன் ஆட்களுக்கே சொல்லியிருந்தது. கடைசியில் அந்தப் பூட்டு யோக்கியமானது என்று தெரிந்தது, அது செத்த பிறகு.

மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நிறுவனம் கடையைச் சாத்தினால் வாங்கியவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. இங்கே நிரல் வெளியே இருந்தது. பிரான்ஸில் ஐட்ரிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய முனீர் இத்ராஸ்ஸி 2013-லேயே அதைக் கிளை பிரித்து வெராகிரிப்ட் என்று வெளியிட்டிருந்தார். அவருடைய குறை பாஸ்வேர்டைப் பற்றியது. பாஸ்வேர்டிலிருந்து சாவி எடுக்க ட்ரூகிரிப்ட் 1,000 அல்லது 2,000 சுற்றுதான் சுற்றியது. இன்றைய கணினிகளில் ஊகித்துப் பார்க்கிறவனுக்கு அது வசதி. வெராகிரிப்ட் அதை லட்சக்கணக்கில் ஏற்றியது. திறக்கச் சில நொடி கூடுதலாகும். திருடனுக்கு வருடங்கள் கூடும். பெட்டகத்தின் உள்ளே அடையாளமாக எழுதப்படும் நான்கு எழுத்து ‘ட்ரூ’ என்பதிலிருந்து ‘வெரா’ என்று மாறியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, மொழிதான் வேறு.

இங்கே திறந்த மூலப் பக்தர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சமாசாரம். 2015 செப்டம்பரில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ஷா, ட்ரூகிரிப்டின் விண்டோஸ் டிரைவரில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். பெட்டகத்தைத் திறக்க அவை உதவாது. ஆனால் அது நிறுவப்பட்ட கணினியில், சாதாரண உரிமையோடு ஓடும் ஒரு நிரல் நிர்வாகி உரிமையைப் பிடித்துக்கொள்ள உதவும். ஐசெக் காசு வாங்கிக்கொண்டு படித்த அதே டிரைவர்! தணிக்கையாளர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பார்க்கிறவருக்கு எது பழக்கமோ அதுதான் கண்ணில் படும். ஃபோர்ஷாவுக்கு விண்டோஸின் சந்துபொந்துகள் பழக்கம். வெராகிரிப்டில் அவை உடனே அடைக்கப்பட்டன. ட்ரூகிரிப்டில் அடைக்க ஆளில்லை, இன்றும் திறந்தே கிடக்கின்றன. 2016-இல் வெராகிரிப்டை க்வார்க்ஸ்லேப் நிறுவனம் தணிக்கை செய்தபோது மேலும் 8 கடும் குறைகள் வெளிவந்தன. பலவும் உடனே சரி செய்யப்பட்டன.

மூடிய பக்கத்தில் என்ன நடந்தது? பிட்லாக்கரை மட்டமாகப் பேச நான் தயாரில்லை. அதை எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்கள். அப்டேட் தானாக வரும். பஸ்ஸில் லேப்டாப் திருடு போனால் திருடன் உள்ளே போக முடியாது. ஆனால் 2018 நவம்பரில் நெதர்லாந்து ராட்பவுட் பல்கலைக்கழகத்தின் கார்லோ மெயரும் பெர்னார்ட் வான் காஸ்டலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சொந்தமாகக் குறியாக்கம் செய்துகொள்வதாகச் சொல்லி விற்கப்பட்ட எஸ்எஸ்டி டிஸ்க்குகளின் உள்நிரலைப் பிரித்துப் பார்த்ததில், க்ரூஷல் நிறுவனத்தின் சில மாடல்களில் பாஸ்வேர்டுக்கும் தகவலைப் பூட்டிய சாவிக்கும் சம்பந்தமே இல்லை. ‘பாஸ்வேர்டு சரியா?’ என்று ஒரு கட்டத்தில் கேட்கும். அந்தக் கேள்விக்கு எப்போதும் ‘சரி’ என்று சொல்லும்படி மாற்றிவிட்டால் எந்தப் பாஸ்வேர்டுக்கும் திறந்துகொள்ளும். சாம்சங்கின் சில மாடல்களிலும் வேறு வகைக் கோளாறுகள் இருந்தன. பிட்லாக்கர் அப்போது என்ன செய்தது தெரியுமா? டிஸ்க் தானே பூட்டிக்கொள்ளும் என்று சொன்னால் அதை நம்பித் தான் ஒதுங்கிக்கொண்டது. தகவல் பூட்டப்பட்டிருக்கிறது என்று திரை சொல்லும், உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. ஒரு மூடிய பெட்டி இன்னொரு மூடிய பெட்டியின் வாய்வார்த்தையை நம்பியது. அந்த ஏற்பாட்டை 2019-இல்தான் மைக்ரோசாஃப்ட் மாற்றியது. ஆய்வாளர்கள் பயனர்களுக்கு மாற்றாகச் சிபாரிசு செய்தது, பலர் தணிக்கை செய்த திறந்த மென்பொருள் என்ற முறையில், வெராகிரிப்டை.

இவர்களும் வெளியிலிருந்துதானே பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். கண்டுபிடித்தார்கள், சுவரை இடித்துக்கொண்டு. உள்நிரலை வெளியே எடுத்துப் பிரிப்பதே தனிக் கலை. மான்ட்ரியல் மாணவருக்கு முன்னால் கதவு திறந்திருந்தது.

இன்று விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால், நம்மைக் கேட்காமலே குறியாக்கம் ஆரம்பித்துவிடும். 48 இலக்க மீட்புச் சாவியின் ஒரு பிரதி அந்தக் கணக்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மறதிக்காரர்களுக்கு அது வரம். சட்டப்படி ஓர் அரசு கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடிய இடத்தில் சாவி இருக்கிறது என்பதும் உண்மை. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லேப்டாப் திருடனிடமிருந்து என்றால் இது போதும். அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து என்றால் போதாது. சாவி நம்மிடம் மட்டும் இருக்கும் பூட்டும், அடிக்கடி ஒருவராவது படித்துப் பார்க்கும் நிரலும் வேண்டும். அப்படிப் படிப்பதற்குக் காசு ஆகும். வெராகிரிப்ட் பெரும்பாலும் ஒரே மனிதரின் உழைப்பில், நன்கொடையில் ஓடுகிறது. இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் வருடத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் காசையாவது அனுப்பலாம்.

பழைய ட்ரூகிரிப்ட் பெட்டகம் உங்கள் வீட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க் எதிலாவது இருந்தால் ஒரு தகவல். 2023 அக்டோபரில் வந்த 1.26.7 முதல் வெராகிரிப்ட் அதைத் திறக்காது. 1.25.9 பதிப்பை இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, உள்ளே இருப்பதைப் புதுப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள்.